தோட்டத்துப் புகைவண்டி கற்பிக்கும் பாடம்

சிறியது என்றாலே எளியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரிய நீராவி எஞ்சினை ஓட்டுவது கடினம். அதையே பத்தில் ஒரு பங்காகச் செய்து தோட்டத்தில் ஓட்டினால் தொல்லையும் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. அதன் காரணத்தை இக்கட்டுரையில் காண்போம். இயற்பியல் பயிலும் நண்பர்களுக்கு மட்டுமன்றி, நாளை தொழிற்சாலைகளில் பணியாற்றப் போகும் வேதியியல் நண்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் சிறு தண்டவாளம் அமைத்து, நிலக்கரியால் ஓடும் சிறு எஞ்சின்களை ஓட்டுவது நெடுநாளைய வழக்கம். ஒரு காலத்தில் இவ்வளவு சிறிய உலையில் நிலக்கரி ஒழுங்காக எரியுமா என்பதே பெரிய வழக்காக இருந்தது. 1920களின் முற்பகுதியில், ஸ்பிரிட் விளக்கால் நீரைக் காய்ச்சுவதே பொருத்தம் என்று பொறியாளர் ஹென்றி கிரீன்லி வாதிட்டார். ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிவந்த லாரன்ஸ் என்பவரோ, 63.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற தம் எஞ்சினில் நிலக்கரியை இட்டு, ஆளையே உட்காரவைத்து இழுத்துக் காட்டினார். ‘கொதிகலப் போர்’ என்று பெயர் பெற்ற அந்த வாதத்திற்குப் பின், சிறு எஞ்சின்களிலும் நிலக்கரி நிலைபெற்றது.

சென்ற கோடையில் ஆய்வுப் பயிற்சிக்காக அந்நாட்டில் தங்கியிருந்தபோது, 127 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஓர் எஞ்சினைச் சில வாரங்கள் ஓட்டிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்பில் சமன்பாடாகப் படித்ததை அங்கே கையால் படித்தேன்.

பரப்பும் பருமனும்

நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பரப்பு நூறில் ஒன்றாகும். பருமன் ஆயிரத்தில் ஒன்றாகும். இது பள்ளிக் கணக்கு. இதன் விளைவு யாது? 5,000 லிட்டர் நீர் கொள்ளும் கொதிகலம் 5 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் தீ படும் பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் வழியாகவும் முன்போலவே வெப்பம் பாய்ந்தால், நீர் பத்து மடங்கு விரைவில் தீரும். பெரிய எஞ்சினில் அரைமணி நேரத்துக்குப் போதுமான இருப்பு, சிறியதில் மூன்றே நிமிடம்! வெளிப்புறமாக இழக்கும் வெப்பமும் லிட்டருக்குப் பத்து மடங்கு. பெரிய எஞ்சினின் ஓட்டுநர் சற்றே அயரலாம். சிறிய எஞ்சினின் ஓட்டுநர் நீர்மட்டக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க இயலாது.

குழாய்க் கணக்கு

உலையின் சூடான புகை, நீருக்குள் செல்லும் குழாய்கள் வழியே புகைபோக்கியை அடைகிறது. குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அங்குலக் கணக்கில் 50க்கும் 70க்கும் இடையே வரவேண்டும் என்பது மாதிரி எஞ்சின் கட்டுவோர் கையாளும் அனுபவ விதி. 168 அங்குல நீளமும் ஒன்றே முக்கால் அங்குல விட்டமும் உடைய பெரிய குழாய்க்கு விடை 55. அதை அப்படியே பத்தில் ஒன்றாக்கினால் விடை 550 ஆகிவிடும். புகை நகராது, தீ அணைந்துவிடும். 16.8 அங்குல நீளத்துக்கு அரை அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட விட்டம் தேவை. ஆகவே அச்சாகச் சுருக்கியது ஓடாது. குழாயின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டியதே ஓடும். கரியும் அப்படியே. பொடியாக்கினால் காற்றின் வழி அடைபடும். பட்டாணி, வேர்க்கடலை அளவில் உடைத்துச் சலித்துப் போடவேண்டும்.

ஓட்டும் முறை

முதலில் நீரை நிரப்பி, மண்ணெண்ணெயில் ஊறவைத்த அடுப்புக்கரியை உலையில் பரப்பிப் பற்றவைப்பார்கள். புகைபோக்கியின்மேல் ஒரு சிறு மின்விசிறி அமர்ந்து காற்றை இழுக்கும். தீ பிடித்ததும் நிலக்கரியைச் சிறிது சிறிதாக இடவேண்டும். அழுத்தம் ஏறத் தொடங்கியதும் விசிறியை எடுத்துவிட்டு, எஞ்சினின் சொந்த நீராவியையே புகைபோக்கிக்குள் பீய்ச்சும் ஊதியைத் திறக்கலாம். ஓடும்போது உருளைகளிலிருந்து வெளியேறும் நீராவியே தீயை இழுக்கும். சுமை கூடினால் நீராவி கூடும். நீராவி கூடினால் தீ வளரும். இவ்வளவு அழகான தற்கட்டுப்பாடு வேறெங்கும் அரிது. ஆனால் நீராவியை நிறுத்தினால் அந்த இழுப்பும் நின்று, தீ உலைவாயின் வழியே வெளியே பாயக்கூடும். ஆதலால் நிறுத்துவதற்கு முன்பே ஊதியைத் திறப்பது விதி. இதை ஒரு நாளும் மறத்தலாகாது.

விளையாட்டன்று

சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் 162 பாகை செல்சியசில் நிற்கிறது. கலம் பிளந்தால் 5 கிலோ நீரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகி, சுமார் 900 லிட்டராக விரியும். அதனால்தான் புதிய செப்புக் கொதிகலத்தை முதலிலேயே நீராவியால் சோதிப்பதில்லை. குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இருமடங்கு ஏற்றிச் சோதிக்கிறார்கள். நீர் அமுங்குவது மிகக் குறைவாதலால் அதில் சேரும் ஆற்றலும் மிகக் குறைவு; ஓட்டை இருந்தால் ஒழுகும், வெடிக்காது. ஓடும்போது நீர் உலையின் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால், காய்ந்த தகட்டின்மேல் குளிர்ந்த நீரை இறைக்கக் கூடாது. தீயை அகற்றிவிட்டுக் கலம் தானே ஆறக் காத்திருப்பதே அறிவுடைமை.

இனி, தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருவோம். சிறிய கலம் வெப்பத்தை விரைவில் இழக்கிறது என்றால், பெரிய கலம் அதை எளிதில் இழப்பதில்லை என்பதும் அதே கணக்குத்தான். 100 மில்லிலிட்டர் குடுவையில் சாதுவாக நடந்த வெப்ப உமிழ் வினை, 100 லிட்டர் கலத்தில் அவ்வாறே நடக்கும் என்று நம்புவது பேராபத்து. பருமன் ஆயிரம் மடங்கு. வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான். மிஞ்சிய வெப்பம் வினையை விரைவாக்கும். விரைந்த வினை மேலும் வெப்பம் தரும். இப்படிப் பெருகியே தொழிற்சாலைக் கலங்கள் வெடித்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒன்றைப் பெரிதாக்கும்போதும், பெரியதொன்றை மாதிரியாகச் சுருக்கும்போதும், எது நீளத்தோடு செல்கிறது, எது பரப்போடு, எது பருமனோடு என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மூன்று வரிக் கணக்கு ஐந்து நிமிட வேலைதான்; அது காப்பது உங்களுடன் வேலை செய்பவரின் உயிராக இருக்கலாம்.