ஓடுவோம், எடை குறைப்போம்

உடல் உழைப்பு குறைந்தால் எடை கூடும். எடை கூடினால் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வரலாம். எடை குறைய ஓட்டம் நல்ல வழி.

முதல் நாளே வேகமாக ஓடாதீர்கள். 1 நிமிடம் மெல்ல ஓடுங்கள். 2 நிமிடம் நடங்கள். இப்படியே 20 நிமிடம் செய்யுங்கள். வாரம் 3 நாள் போதும். பிறகு ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு இவற்றைக் குறையுங்கள்.

நிற்காமல் 1 கிலோமீட்டர் ஓடும் நாள் வரும். அது உங்கள் வெற்றி!

நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஓட வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் செல்லுங்கள்.

வயதாகிவிட்டது என்கிறீர்களா? பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் பாட்டி 93 வயதில் ஓடத் தொடங்கினார். 2017-இல், 101 வயதில், நியூசிலாந்தில் 100 மீட்டர் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

நீங்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள்?