வண்டியின் உட்காற்று வடிகட்டியை மாற்றும் முறை

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஆனைகட்டிக்குச் செல்லும் சாலை, மாநில எல்லையைக் கடந்து, அகளி, முக்காலி ஆகிய ஊர்களின் வழியே மன்னார்க்காட்டிற்கு இறங்குகின்றது. இச்சாலையில் முழுதும் செல்லும் வண்டி ஒரே பகலில் இருவேறு தட்பவெப்பங்களுக்கு உட்படுகின்றது. ஆனைகட்டிப் பகுதி மழைமறைவில் அமைந்து வறண்டது. முக்காலிப் பக்கத்திலோ தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும். தடாகம் பள்ளத்தாக்கில் உரிமமின்றி இயங்கிய செங்கற்சூளைகளை மூடுமாறு 2021இல் ஆணை பிறந்தது. மண்சாலைத் தூசுக்கு அவ்வாணை பொருந்தாதன்றோ! இத்தூசும் அம்மழையின் ஈரமும் வண்டியினுள் ஒருங்கே சேருமிடம் உட்காற்று வடிகட்டியாகும்.

பட்டறைகளில் ‘ஏ.சி. ஃபில்டர்’ எனப்படுவது இதுவே. எஞ்சினுக்குரிய ஏர் ஃபில்டர் வேறு. அதனை மாற்றியதால் இதுவும் மாற்றப்பட்டதாகிவிடாது. செயற்கை இழைகளை நெய்யாமல் அழுத்தி, மடிப்பு மடிப்பாக இது செய்யப்படுகின்றது. இழைகளில் ஏற்றப்பட்டுள்ள மின்னூட்டம், இழைகளின் இடைவெளியினும் நுண்ணிய துகள்களை ஈர்த்து நிறுத்தும். நீரில் கழுவினால் அம்மின்னூட்டம் கெடும். ஈரத்தில் பூஞ்சையும் வளரும். பட்டறைக் காற்றுக்குழாயால் ஊதினால் இழைகள் விலகிவிடும். ஆதலின், கழுவத்தக்கது எனக் கையேடு கூறினாலன்றி, இதனைக் கழுவுவது சிக்கனமாகாது.

வடிகட்டி அடைபட்டால் விசிறியின் ஓசை பெரிதாக இருக்கும். காற்றோ குறைவாக வரும். துர்நாற்றமும் வீசும். இவற்றைப் பொறுத்துக்கொள்வோர் பலர். ஆனால், மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டால் இது பொறுக்கத்தக்கதன்று. உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள நீராவி முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவியாகப் படியும். அதனை அகற்ற வலிய காற்று வேண்டும். அக்காற்று வாராவிடில், ஓட்டுநர் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கொண்டையூசி வளைவில் திரும்ப நேரிடும். தூசுக்கு அஞ்சி வெளிக்காற்றை அடைத்துவிடுவதும் தீர்வன்று. ஈரம் உள்ளேயே தங்குவதோடு கரியமில வாயுவும் பெருகும்.

இதனை மாற்ற மெக்கானிக் வேண்டுவதில்லை. பல கார்களில் இவ்வடிகட்டி, ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கையின் முன், டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பெட்டியைக் காலிசெய்ய வேண்டும். அதன் இருபக்கச் சுவர்களையும் உட்புறமாக மெல்ல அழுத்தினால், தடைகள் விடுபட்டுப் பெட்டி கீழே சாயும். பின்னுள்ள மூடியைத் திறந்து, வடிகட்டியைச் சாய்க்காமல் உருவுதல் வேண்டும்; சாய்த்தால் சருகும் மண்ணும் விசிறிக்குள் விழும். எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. உறையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்ட பின்னரே புதியதைச் செருக வேண்டும். அதன் விளிம்பிலுள்ள அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையைக் காட்டும். கையேட்டில் காட்டியவாறே அதனை அமைக்க வேண்டும். பழையது இருந்தவாறே வைப்பது போதாது. முன்பு மாற்றியவர் தவறாக வைத்திருக்கக்கூடும். சில வண்டிகளில் உறை மட்டும் இருக்கும், வடிகட்டி இராது. பழைய ஜீப்புகளில் இரண்டுமே இல்லை.

கையேடுகள் பெரும்பாலும் 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு எனக் கணக்கிடும். அது நல்ல சாலைகளுக்கே பொருந்தும். ஆனைகட்டி போன்ற இடங்களில் பணியாற்றுவோர் மே மாத இறுதியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் திறந்து பார்ப்பது நலம்.

கழற்றிய வடிகட்டியை உதறலாகாது. வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர் அதனை ஒளிபுகும் பையில் கட்டி, உருப்பெருக்கியுடன் கொடுக்கலாம். இருபுறத்தையும் ஒப்பிட்டு, காற்று எத்திசையில் சென்றது என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர்.