எஞ்சினின் மூச்சு

போடிநாயக்கனூரினின்று போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள. ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆகும். நாள்தோறும் வைகறையில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் இவ்வழியே பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய ஊர்கட்குச் செல்கின்றன. அவற்றுட் பல டர்போ பொருத்திய டீசல் எஞ்சின் உடையன.

சென்ற விடுமுறையில் யாம் எம் சிற்றப்பாவின் ஜீப்பில் அவ்வழி சென்றோம். பாதி மலை ஏறியதும் எண்ணெய் அளவுகோல் தன் குழாயினின்று மேலெழும்ப, எண்ணெய் சூடான புகைக்குழாயின்மீது சிதறிப் பெரும்புகை கிளம்பிற்று. வண்டியிலிருந்த பெண்கள் அலறி இறங்கினர். இறையருளால் தீப்பற்றவில்லை. முதல்நாள் ஒரு பட்டறையில் அவ்வண்டிக்கு எண்ணெய் பிடிகலம் ஒன்று பூட்டியிருந்தனர். பட்டறை வழக்கில் அதனைக் ‘கேட்ச் கேன்’ என்பர். கலம் நல்லதே, ஆயின் அதன் வெளிவாயை அடைத்துவிட்டனர். அதுவே கேட்டிற்குக் காரணம் என்று பின்னர் அறிந்தோம். தமிழ் பயில்வார்க்கு எஞ்சினோடு என்ன உறவு என நண்பர்கள் நகைக்கலாம். மலையிற் பிறந்தார்க்கு அவ்வுறவு உண்டு என்பதே எம் விடை.

எஞ்சினுக்கு மூச்சு ஏன் வேண்டும்? சிலிண்டரினுள் எரிபொருள் வெடித்தெரியுங்கால் எழும் வாயுவிற் பெரும்பகுதி பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. சிறுபகுதியோ பிஸ்டன் வளையங்களின் இடைவெளி வழியே நழுவி, கீழேயுள்ள கிராங்க் அறையிற் புகுகின்றது. புத்தம்புதிய எஞ்சினிலும் இக்கசிவு உண்டு. அவ்வாயு வெளியேற வழி இன்றேல் அறையில் அழுத்தம் மிகும்; மிகுந்த அழுத்தம் எண்ணெய்த் தடுப்புகளையும் அளவுகோலையும் தள்ளித் தனக்கு வழி தேடிக்கொள்ளும். எம் ஜீப்பில் நிகழ்ந்தது இதுவே.

முற்காலத்து வண்டிகளில் இவ்வாயு ஒரு குழாய் வழியே தரையை நோக்கி வெளியேறிற்று. அது காற்றை நஞ்சாக்குதல் கண்டு, 1961ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கலிபோர்னிய மாநிலத்தார் அதனை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் அமைப்பைப் புதிய கார்களுக்கு விதித்தனர். உலகம் பின்னர் அவ்வழியே சென்றது.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் இவ்வேலை எளிது. காற்றுப் பகிர்குழாயில் உள்ள உறிஞ்சுவிசை ஒரு வால்வு வழியே அறைவாயுவை இழுத்துக்கொள்ளும். டர்போ உடையதிலோ நிலைமை மாறும். புகையின் விசையாற் காற்றை அமுக்கி ஊட்டும் இம்முறைக்கு ஆல்பிரட் பியூக்கி என்னும் சுவிஸ் பொறியியலார் 1905இல் உரிமைப்பத்திரம் பெற்றார். காற்று மிக அமுக்கப்படுதலின் சிலிண்டரில் அழுத்தம் பெருகும். அதனால் வளையங்களைக் கடக்கும் கசிவும் பெருகும். மேலும் பகிர்குழாயில் உறிஞ்சுவிசை நீங்கித் தள்ளுவிசை தோன்றும். அவ்வேளை வால்வு மூடிக்கொள்ளாவிடின் அமுக்கப்பட்ட காற்றே கிராங்க் அறையுட் புகும். ஆதலின் அங்கே ஒருவழி வால்வு இன்றியமையாதது. அது மூடியபின் அறைவாயு இரண்டாம் வழியாக, காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயை அடையும். டீசல் எஞ்சினுக்குப் பெரும்பாலும் இவ்வொரு வழியே உண்டு.

இவ்வாயு தனியே செல்வதில்லை. எண்ணெயைப் பனிபோல் நுண்துளிகளாகச் சுமந்து செல்லும். அவ்வெண்ணெய் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிற் படிந்து அதன் ஆற்றலைக் குறைக்கும். டீசல் எஞ்சினில் மீள்சுழற்சிப் புகையின் கரியோடு கூடிக் களியாகி வழியைக் குறுக்கும். பெட்ரோல் எஞ்சினில் காலத்துக்கு முந்திய வெடிப்பைத் தூண்டும். எண்ணெய் அளவிறந்து புகுமாயின் டீசல் எஞ்சின் அதனையே எரிபொருளாக உண்டு, சாவியை அணைத்தும் நில்லாது வெறிகொண்டு ஓடும்.

இவ்வெண்ணெயை இடைவழியில் தடுப்பதே பிடிகலத்தின் தொழில். அதன் உள்ளே தடுப்புத் தகடுகளும் எஃகு வலையும் இருத்தல் வேண்டும். வாயு அவற்றில் மோதித் திரும்புங்கால் நுண்துளிகள் ஒன்றுகூடி அடியில் வடியும். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று டப்பாவாற் பயன் சிறிதே.

பூட்டுவார் கருதவேண்டுவன சில. முதலாவது, எஞ்சினினின்று வரும் குழாய் கலத்தின் உள்வாயிலும், டர்போவின் முன்குழாய்க்குச் செல்வது வெளிவாயிலும் சேர்தல் வேண்டும், எவ்வாயையும் அடைத்தலாகாது. இரண்டாவது, புதுக்குழாயின் துளை பழையதினும் குறுகலாகாது. எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுப்பதாயும், உறிஞ்சுவிசையில் ஒட்டிக்கொள்ளாததாயும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, குழாய் நடுவில் தொய்தலாகாது. தொய்ந்த இடத்தில் நீர் தங்கி வழியடைக்கும். நான்காவது, கலத்தைப் புகைக்குழாயினின்று விலக்கிக் குளிர்ந்த இடத்தில் நேராக நிறுத்துக. ஐந்தாவது, பெட்ரோல் எஞ்சினில் வழி இரண்டாதலின் இரண்டிலும் எண்ணெய் பிடித்தல் வேண்டும். ஒருவழி வால்வின் திசையை ஊதிப் பார்த்து அறிக.

பூட்டியபின் சோதிக்க எளிய முறை ஒன்றுண்டு. கண்ணாடிபோல் தெளிந்த குழாயை இரு கைகளும் ஒவ்வொரு முழம் இருக்குமாறு ‘ப’ எழுத்தைப்போல் வளைத்துப் பாதியளவு நீர் ஊற்றுக. ஒரு முனையை அளவுகோல் குழாயிற் காற்றுப் புகாமற் செருகி, மறுமுனையைத் திறந்து விடுக. திறந்த பக்கத்து நீர் உயருமாயின் அறையில் அழுத்தம் உண்டு என்பது துணிபு. இரு பக்கத்துக்கும் 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் ஆகும். கலம் பூட்டுமுன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுக. பின்னது மிகுந்தால் கலமோ குழாயோ மூச்சை முட்டுகின்றது. நின்ற வண்டியில் அளத்தல் போதாது. சுமையோடு ஏற்றம் ஏறுங்கால் அருகிருப்பவர் நோக்கல் வேண்டும்.

கலத்தை மறத்தலும் கேடே. மலையின் குளிரிலும் மூடுபனியிலும் எண்ணெயினும் நீரே மிகுதியாகச் சேர்ந்து வெண்ணெய்போற் குழம்பும். முதலில் வாரந்தோறும் திறந்து பார்த்து, சேரும் அளவறிந்து பின் இடைவெளியை வகுக்க. வடித்ததை மீண்டும் எஞ்சினில் ஊற்றலாகாது; அதில் நீரும் எரிபொருளும் அமிலமும் கலந்துள. ஓடையிலும் தோட்டத்திலும் கொட்டலாகாது. மலையில் ஊற்றியது போடியின் குடிநீரை நோக்கி இறங்கும். கழிவெண்ணெய் வாங்குவாரிடம் கொடுத்தலே முறை.

இன்னும் ஒன்று. கலம் விரைவில் நிறையுமாயின் பெரிய கலம் தேடற்க. வளையங்கள் தேய்ந்தனவோ என ஆராய்க. கலம் நோயைக் காட்டும், தீர்க்காது.

எம் சிற்றப்பாவின் ஜீப்பை வேறொரு முதிய மெக்கானிக் பார்த்தார். அடைப்பை எடுத்துக் குழாயை உரிய இடத்திற் சேர்த்தார். “மூச்சை அடைத்தால் மனிதன் ஏற்றம் ஏறுவானா, தம்பி?” என்றார். மறுநாள் அதே பெண்கள் அதே வண்டியில் மலை ஏறினர். வேறு வண்டிக்குக் காத்திருந்தால் அன்றைய கூலி இல்லை. ஒரு சிறு குழாயின் வாயைக் கவனித்துப் பூட்டுதல் அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடன் என்பதை அன்று உணர்ந்தோம்.