புனைவில் பொதிந்த உண்மை

நுழையும்முன்

எழுதுகோல் எழுத்தாளரின் கையில் இருக்கிறது. எழுதியதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் கருவி எப்போதும் அவர் கையில் இருப்பதில்லை. அக்கருவிக்குப் பொருள் தருவோர் ‘இதைச் சொல்லாதே’ என்று தடுத்தால் எழுத்தாளர் என்ன செய்வார்? தொலைக்காட்சி வளரத் தொடங்கிய காலத்தில் இவ்வினாவை எதிர்கொண்ட அமெரிக்க எழுத்தாளர் ராட் செர்லிங்கின் பணியை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

போர்க்களம் தந்த எழுத்து

ராட் செர்லிங், 1924ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தார். பிங்காம்டன் என்னும் சிறுநகரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1943இல் படையில் சேர்ந்து, வான்குடை வீரராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்டுக் காயமுற்றார். அங்கே, வானிலிருந்து வீழ்த்தப்பட்ட உணவுப்பெட்டி ஒன்று தலையில் விழுந்து அவருடைய நண்பர் உயிரிழந்தார். உயிர் காக்க வந்த உணவே உயிரைப் பறித்த அந்நிகழ்வு அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. எதிர்பாராத முடிவும் மனிதவாழ்வின் நிலையாமையும் பின்னாளில் அவருடைய கதைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன.

போருக்குப்பின் ஒகையோ மாநிலத்தின் ஆண்டியாக் கல்லூரியில் பயின்று 1950இல் பட்டம் பெற்றார். வானொலிக்கு எழுதிப் பழகிய அவர், விரைவிலேயே தொலைக்காட்சி நாடகத்தின்பால் ஈர்க்கப்பட்டார்.

நேரலை நாடகங்களின் காலம்

அக்காலத்தில் தொலைக்காட்சி நாடகங்கள் பலவும் நேரலையாகவே ஒளிபரப்பாயின. நடிகர் அரங்கில் நடிக்கும் அதே நேரத்தில் மக்கள் வீட்டிலிருந்து பார்த்தனர். செர்லிங்கின் ‘பேட்டர்ன்ஸ்’ என்னும் நாடகம் 1955ஆம் ஆண்டு சனவரி மாதம் ஒளிபரப்பானது. பெருநிறுவனம் ஒன்று, நெடுங்காலம் உழைத்த முதிய அலுவலரை இரக்கமின்றி ஒதுக்கித்தள்ளுவதே அதன் கதை. மக்கள் காட்டிய வரவேற்பினால் அடுத்த மாதமே நடிகர்கள் அதனை மீண்டும் நேரலையில் நடித்தனர். அந்நாடகம் செர்லிங்குக்கு எம்மி விருதைப் பெற்றுத் தந்தது. மறு ஆண்டில், ஓய்ந்துபோன குத்துச்சண்டை வீரர் ஒருவரின் துயரைச் சொன்ன ‘ரெக்குயம் ஃபார் எ ஹெவிவெயிட்’ அவருடைய புகழை மேலும் உயர்த்தியது.

வெட்டுண்ட உண்மை

புகழ் வந்தது, உரிமை வரவில்லை. அன்று ஒரு நிகழ்ச்சியின் செலவைப் பெரும்பாலும் ஒரே விளம்பரதாரர் ஏற்றுக்கொண்டார். எனவே, நாடகத்தின் எழுத்துப்படியை அவரும் அவருடைய விளம்பர முகவர்களும் படித்துப் பார்த்தனர். தம் பொருளை வாங்குவோர் ஒருவர்கூட முகம் சுளிக்கக்கூடாது என்பதே அவர்களின் அளவுகோல்.

1955ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரும் விடுதலை செய்யப்பட்டனர். இக்கொடுமை செர்லிங்கை எழுதத் தூண்டியது. 1956இல் ஒளிபரப்பான ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்னும் நாடகத்தில் அந்த அநீதியின் சாயலைக் கொண்டுவர அவர் முயன்றார். செய்தி வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. விளம்பரதாரர் அஞ்சினார். தென்மாநிலங்களை நினைவூட்டும் யாவும் நீக்கப்பட்டன. கதைக்களம் வடகிழக்கு மாநிலப் பகுதிக்கு மாறியது. கொல்லப்பட்டவர் பெயரில்லா அயல்நாட்டவராக ஆனார். தென்பகுதியை நினைவூட்டும் என்று கருதி, கோக் குளிர்பானப் புட்டிகளும் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன!

செர்லிங் 1958இல் மீண்டும் முயன்றார். ‘எ டவுன் ஹேஸ் டர்ன்ட் டு டஸ்ட்’ என்னும் அந்நாடகமும் உருமாற்றப்பட்டது. நிகழ்காலக் கொடுமை 1870களுக்குத் தள்ளப்பட்டது. கறுப்பின இளைஞரின் இடத்தில் மெக்சிகோ இனத்தவர் வைக்கப்பட்டார். நேரே சொல்லும் வழி அடைபட்டதை செர்லிங் உணர்ந்தார்.

அந்தி மண்டலம்

1959ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சிபிஎஸ் தொலைக்காட்சியில் அவர் உருவாக்கிய ‘தி ட்வைலைட் சோன்’ என்னும் தொடர் தொடங்கியது. ‘அந்தி மண்டலம்’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஒளியும் இருளும் கலக்கும் அந்திபோல, நனவும் கற்பனையும் கலந்த தனித்தனிக் கதைகளின் தொகுப்பு அது. வேற்றுக்கோள் மனிதர், காலப்பயணம், பேசும் பொம்மை முதலியவை அதில் இடம்பெற்றன. தொடர் தொடங்கும் முன்பு அளித்த நேர்காணல் ஒன்றில், சர்ச்சைக்குரிய பொருள்களை இதில் தொடப்போவதில்லை என்றே செர்லிங் கூறினார். ஆனால், தொடர் அவ்வாறு அமையவில்லை.

1960இல் ஒளிபரப்பான ‘மேப்பிள் தெருவுக்கு அரக்கர்கள் வருகிறார்கள்’ என்னும் கதையை நோக்குவோம். அமைதியான ஒரு தெருவில் திடீரென மின்சாரம் நிற்கிறது. வேற்றுக்கோள் மனிதர் நம்முள் மறைந்திருக்கலாம் என்று ஒரு சிறுவன் கதைப்புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறான். ஒரு வீட்டின் வாகனம் மட்டும் தானாக இயங்குகிறது. உடனே அவ்வீட்டார்மேல் ஐயம் பிறக்கிறது. நேற்றுவரை சேர்ந்து சிரித்தவர்கள் இன்று ஒருவரையொருவர் வேவு பார்க்கின்றனர். அச்சத்தில் சுடப்பட்டு அண்டைவீட்டார் ஒருவர் இறக்கிறார். தெரு முழுவதும் கலவரம் மூள்கிறது. தொலைவிலுள்ள குன்றிலிருந்து வேற்றுக்கோளினர் இருவர் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மின்விளக்குகளையும் சில இயந்திரங்களையும் நிறுத்தி இயக்கியதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. மற்றவற்றை மனிதர்களே செய்துகொண்டனர்.

1950களில் அமெரிக்காவில் ‘இவர் பொதுவுடைமையாளரோ’ என்ற ஐயத்தால் பலர் வேலையையும் நற்பெயரையும் இழந்தனர். கதையில் அச்சொல்லே இல்லை. எனினும், பார்த்தவர்கள் தம் காலத்தை அதில் கண்டுகொள்ள முடிந்தது. சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றின்மேல் ஏற்றிக் கூறும் உள்ளுறையைத் தமிழ்ச் செய்யுள்களில் நாம் கற்றிருக்கிறோம். செர்லிங் கையாண்டதும் அதற்கு நெருங்கிய உத்தியே.

தெரிந்து தெளிவோம்

1964ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பான இத்தொடரின் கதைகள் 156. அவற்றுள் 92 கதைகளுக்கு செர்லிங்கே எழுத்துவடிவம் தந்தார். ரிச்சர்ட் மாத்திசன், சார்லஸ் போமான்ட் முதலியோரும் இதற்கு எழுதினர். செர்லிங் தம் வாழ்நாளில் ஆறு எம்மி விருதுகளைப் பெற்றார்.

இழந்ததும் பெற்றதும்

உண்மையை உருவகத்துள் மறைப்பது பணிந்துபோவதாகாதா என்னும் வினா எழலாம். இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. மேப்பிள் தெருவில் எம்மட் டில்லின் பெயர் ஒலிக்கவில்லை. கதையைப் பொழுதுபோக்காக மட்டும் பார்த்து மறந்தவர்களும் இருந்திருப்பர். பெயர் சுட்டிக் கூறும் உண்மையின் கூர்மையை உருவகத்தால் முழுமையாகத் தரமுடியாது. இது செர்லிங் கொடுத்த விலை.

அவர் பெற்றதும் உண்டு. ஓர் ஊரையும் ஓர் ஆண்டையும் சுட்டும் நாடகத்தைப் பார்ப்பவர், ‘இது எங்கோ நடந்தது’ என்று ஒதுங்கிக்கொள்ள இயலும். ஊரும் பேரும் அற்ற கற்பனைத் தெருவிலிருந்து அவ்வாறு ஒதுங்க முடியாது. அது எவருடைய தெருவாகவும் இருக்கலாம். ஆகவே, பல பத்தாண்டுகளுக்குப் பின்னும், பிற நாட்டவரும் அக்கதைகளில் தம்மைக் காண்கின்றனர்.

பின்னர் செர்லிங், 1968இல் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ திரைப்படத்தின் திரைக்கதையாசிரியர்களுள் ஒருவரானார். இத்தகா கல்லூரியில் மாணவர்க்கு எழுத்துக்கலை கற்பித்தார். 1975ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் தம் 50ஆம் வயதில் மறைந்தார். வாயில் அடைக்கப்பட்டபோது சாளரத்தைத் தேடிய எழுத்து அவருடையது. அச்சாளரத்தின் வழியே வந்த ஒளி, வாயிலை அடைத்தவர்களின் இல்லங்களுக்குள்ளும் சென்று சேர்ந்தது.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் கண்ட சமூகச் சிக்கல் ஒன்றை, ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ குறிப்பிடாமல் அறிவியல் புனைகதையாக ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘நேரே சொல்வதே வலிமை – உருவகமாகச் சொல்வதே வலிமை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

மேப்பிள் தெருவில் கலவரம் மூளக் காரணமானவர்கள் யாவர்? உம் கருத்தைக் கூறுக.

நெடுவினா

விளம்பரதாரரின் தலையீடு செர்லிங்கின் எழுத்தை எவ்வாறு மாற்றியது? அம்மாற்றத்தால் விளைந்த இழப்பையும் பயனையும் சான்றுகளுடன் விளக்குக.