கவலையைத் துரத்தாமல் கடை நடத்துவது எப்படி?

கடை வைத்திருப்பவருக்கு இரவில் தூக்கம் கெடுவதற்கான காரணங்களை எழுதத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதா. மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிய துவரம் பருப்பு மறுவாரமே விலை இறங்குகிறது. எதிர்ச் சாரியில் பெரிய சூப்பர் மார்க்கெட் வருகிறது. மூன்று மாதப் பாக்கி வைத்த வாடிக்கையாளர் இப்போது அடுத்த தெரு வழியாகப் போகிறார். ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. இத்தனைக்கும் நமக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: "கவலைப்படாதீர்கள்."

சொல்பவருக்குச் செலவில்லை. கேட்பவரால் அதைச் செய்யத்தான் முடிவதில்லை. ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. டேனியல் வெக்னர் என்ற மனோதத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 1987இல் அதை வெளியிட்டார்கள். மாணவர்களிடம், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்தபடியே இருந்தது. பிறகு "இனி நினைக்கலாம்" என்று விட்டபோது, ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்களே, அதே சங்கதிதான்.

மனத்தோடு இப்படி மல்லுக்கட்டுவதை விட்டுவிடச் சொல்லும் ஒரு சிகிச்சை முறை உண்டு. ஆங்கிலத்தில் 'அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி' என்பார்கள். தமிழில் ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை எனலாம். முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆக்ட்' என்று ஒரே சொல்லாகவே உச்சரிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் 'செயல்படு' என்று பொருள் இருப்பதும் பொருத்தமே. இதை 1980களில் உருவாக்கத் தொடங்கியவர் ஸ்டீவன் ஹேய்ஸ். பின்னர் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 1978இல் ஒரு துறைக் கூட்டத்தில் பேச வாயெடுத்தபோது நெஞ்சு படபடத்துக் குரலே வராமல் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பீதியை அடக்கவும் தவிர்க்கவும் முயன்ற காலமெல்லாம் அது வளர்ந்ததாம். மற்ற இருவரோடு சேர்ந்து இம்முறை பற்றி அவர் எழுதிய முதல் பெரிய நூல் 1999இல் வெளிவந்தது.

எதை ஏற்பது?

'ஏற்பு' என்றதும் நம்மவர்களுக்கு விதி நினைவுக்கு வரும். தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்களோ என்று தோன்றும். அப்படியில்லை. மண்டியிலிருந்து எடை குறைந்து வந்த மூட்டையை ஏற்க வேண்டாம்; உடனே திருப்பி அனுப்பலாம், தகராறும் செய்யலாம். ஏற்கச் சொல்வது, அந்தத் தகராறுக்குக் கிளம்பும்போது வயிற்றில் புரளும் பயத்தையும் தயக்கத்தையும் மட்டும்தான். அது இருந்துவிட்டுப் போகட்டும், கூடவே வரட்டும் என்று விடுவதே ஏற்பு.

இதைக் கடன் நோட்டை வைத்துப் பார்ப்போம். மளிகைக் கடையில் இதைவிடக் கனமான பொருள் இல்லை. பாக்கி ஏறிய நோட்டைத் திறந்தால் தொண்டை அடைக்கிறது. எனவே கல்லாவுக்கு அடியில் தள்ளி, "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறோம். தள்ளிய அந்த நிமிடம் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், கோளாறு அங்கேதான். அந்த நிம்மதி ருசி கண்டுவிடுவதால் மறுநாளும் நோட்டைத் தள்ளுகிறோம். பிறகு பாக்கிக்காரர் எதிரே வந்தால் நாமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வசூல் இல்லாததால் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது நிற்கிறது. அவர் போன் செய்தால் பையனை விட்டு "முதலாளி வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லச் சொல்கிறோம். முதலில் நோட்டைக் கண்டு மட்டும் இருந்த பயம் இப்போது தெருவுக்கும் தொலைபேசிக்கும் பரவிவிட்டது. விற்பனை குறைந்ததால் வந்த நஷ்டம் பாதி என்றால், பயத்தைத் தவிர்க்கப் போய் வந்தது மீதி.

இம்முறையில் செய்யச் சொல்வது இதற்கு நேர்மாறு. படபடப்பு நின்ற பிறகு நோட்டைத் திறப்போம் என்று காத்திருக்க வேண்டாம். படபடப்போடேயே திறக்க வேண்டியது. அது உடம்பில் எங்கே இருக்கிறது, தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா என்று கவனித்து, மூச்சு இழுத்துவிட்டு, முதல் பெயரையும் தொகையையும் ஒரு தாளில் எழுத வேண்டியது. முதல் நாள் பத்து நிமிடம் போதும். படபடப்பு குறையலாம், குறையாமலும் போகலாம். பெயர்கள் தாளில் ஏறினவா என்பதே கணக்கு.

எண்ணம் வேறு, நிலவரம் வேறு

"கடை மூழ்கப் போகிறது" என்று மனம் சொல்கிறது. அதோடு வாதாடாமல் வாக்கியத்தைச் சற்று நீட்டச் சொல்கிறார்கள்: "கடை மூழ்கப் போகிறது என்ற எண்ணம் எனக்கு இப்போது வருகிறது." சின்ன மாற்றம்தான், ஆனால் எண்ணத்துக்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. கடை மூழ்குமா என்பதை வரவு செலவுப் பேரேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு சொல்லை அரை நிமிடம் வேகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் கழன்று வெறும் ஓசையாகிவிடும் என்று டிட்செனர் என்ற அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். 'நஷ்டம், நஷ்டம்' என்று சொல்லிப் பார்க்கலாம். கடையை அடைத்த பிறகு செய்வது நல்லது. வாடிக்கையாளர் கேட்டால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

இவற்றோடு, எதிரே நிற்பவர் கேட்கும் அரைக் கிலோ சர்க்கரையில் கவனத்தை வைப்பது, 'நான் தோற்றவன்' போன்ற முத்திரைகளைத் தாண்டி நம்மைப் பார்ப்பது ஆகியவையும் இம்முறையில் உண்டு. விரிக்க இங்கே இடமில்லை.

ஆனால் ஒரு கேள்வியை விட முடியாது: எதற்காகக் கடை நடத்துகிறோம்? மகள் கல்யாணம், சொந்தக் கட்டடம் என்பவை இலக்குகள், ஒருநாள் முடிந்துவிடும். சரியான எடை போடுவது, சொன்ன தேதியில் பணம் கொடுப்பது, கடைப் பையனை மரியாதையாக நடத்துவது ஆகியவை முடிவதே இல்லை. இவற்றைத்தான் இம்முறை விழுமியங்கள் என்கிறது. மொத்த வியாபாரியின் போனை எடுத்து, "இந்த வாரம் பாதிதான் தர முடியும்" என்று சொல்வது கூச்சமான காரியம். நாணயமான வியாபாரி என்ற பேர் நமக்கு முக்கியமென்றால், அந்தக் கூச்சத்தைச் சுமந்துகொண்டு போனை எடுப்பதே உறுதியான செயல்.

பலன் உண்டா? இங்கிலாந்தில் ஒரு ஊடக நிறுவனத்தின் ஊழியர்கள் 90 பேரிடம் ஃபிராங்க் பாண்ட், டேவிட் பன்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. இப்பயிற்சி பெற்றவர்களின் மனநலம் முன்னேறியது. பிடிக்காத எண்ணங்களை ஏற்கும் திறன் கூடியதே அதற்கு வழி என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஒட்டி அமைத்த ஐந்து அமர்வுப் பயிற்சி, உகாண்டாவில் தங்கியிருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்களின் மனத்துயரைக் குறைத்ததாக 2020இல் ஆய்வு வெளியாயிற்று. அதே ஆண்டில் அந்நிறுவனம் பொதுமக்களுக்கான படக் கையேடு ஒன்றையும் வெளியிட்டது. அதே சமயம், பழைய சிகிச்சை முறைகள் எல்லாவற்றையும் இது மிஞ்சிவிட்டது என்று எவராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். பல ஆய்வுகளில் அவற்றுக்கு ஏறக்குறைய சமமாகவே நிற்கிறது.

இங்கே எழுதியது அறிமுகம் மட்டுமே. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாதவர்கள், குடியில் இறங்கிவிட்டவர்கள், கடன் தொல்லையால் உயிரை விட்டுவிடலாமா என்று நினைப்பவர்கள் இதைப் படித்துச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.