ஓ.பி. சீட்டின் பின்புறம்

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, நாற்பது வயதையும் கடந்துவிட்ட பின்னர்தான், மூத்திரம் வெளிப்படும் துவாரமும் குழந்தை வெளிவரும் வழியும் வெவ்வேறு என்பதை ஒரு நர்ஸம்மாவின் வாயால் கேட்டறிந்தேன் என்று எழுத எனக்கு இன்றும் லஜ்ஜையாகவே இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியொன்றில் அப்போது காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போனால் டார்கெட் குறையும், குறைந்தால் சூபர்வைசரின் முகம் கறுக்கும் என்பதால், தண்ணீரையே தொடாதிருக்கும் உபாயத்தை எங்கள் லைனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, கைக்கொண்டிருந்தோம். நீர்க்கடுப்பு வந்தது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தேன். வெள்ளைப்படுவது எலும்பு உருகுவதால்தான் என்று பக்கத்து வீட்டம்மாள் பயமுறுத்தவே, கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளேயும் கழுவ, அரிப்பும் சேர்ந்துகொண்டது.

ஆவடிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில், "எங்கே எரியுது?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"கீழே."

"கீழேன்னா மூணு வழி இருக்கேம்மா, எது?"

நான் விழித்ததைக் கண்டு, ஓ.பி. சீட்டைத் திருப்பிப் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் வைத்தார்: மேலே மூத்திர வழி, நடுவில் யோனி, கடைசியில் மலத்துவாரம். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மூத்திரக் குழாய் நமக்கு வெறும் 4 சென்டிமீட்டர்தானாம். ஆகையால் மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், மூத்திரத்தை அடக்காமலிருப்பதும், தாம்பத்தியத்துக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவதும் நல்லது என்றார். யோனிக்குள் தயிரை உறைய வைக்கும் கிருமிகளுக்குச் சொந்தக்காரக் கிருமிகள் குடியிருந்து, அமிலத்தைச் சுரந்து, நம்மைக் காக்கின்றனவாம். அவற்றைத்தான் நான் மருந்தூற்றி விரட்டியிருந்தேன்! வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும். உள்ளே எதுவும் வேண்டாம். நாற்றமின்றி, வெண்மையாகவோ கண்ணாடிபோலவோ படுவது இயற்கை; அரிப்போடு தயிர்த்திப்பியாகவோ, பச்சையாகவோ, துர்நாற்றத்தோடோ பட்டாலும், சேர்க்கைக்குப் பின்போ மாதவிலக்கு நின்ற பின்போ உதிரம் கண்டாலும் டாக்டரிடம் போகவேண்டும்.

வந்தது வந்தேன் என்று, முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குச் செய்யும் கர்ப்பப்பை வாய்ச் சோதனையையும் அன்றே செய்துவிட்டார். வினிகரிலுள்ள அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதுதான். நான் தொடைகளை இறுக்கிக்கொண்டதைத் தவிர வேறு சிரமமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு முறை இவ்விதம் சோதித்துச் சிகிச்சையளித்த இடங்களில், சோதிக்காத இடங்களைக் காட்டிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது என்பதைப் பிற்பாடு படித்தபோது, அந்த ஒரு நிமிஷத்துக்காகவா அத்தனை இறுக்கினோம் என்று சிரிப்பு வந்தது.

மறுநாள் சாப்பாட்டு மணியில் அந்தச் சீட்டை எடுத்து வைத்துச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து வரும் அக்கா மட்டும், டிபன் பாக்ஸிலிருந்து தலை நிமிராமலே, மெதுவாகக் கேட்டாள்:

"மேல இருக்கறது எதுன்னு சொன்னே?"