மாதிரிப் புகையிரதத்தில் ஒரு பிரயாணிகள் நிலையம்

மாதிரிப் புகையிரதம் என்றதும் பலர் அதனைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்கிவிடுவர். ஆயினும் அளவெடுத்தல், விகிதங் காணல், தச்சுவேலை, மின்னிணைப்பு, ஊர்ச் சரித்திரம் ஆகிய ஐந்தையும் ஒரே மேசையிற் கற்பிக்கவல்ல கலை வேறு எளிதிற் கிடைப்பதன்று. இதனைப் பயில விரும்பும் நம் கல்லூரி மாணவர் எடுத்துக்காட்டைத் தேடித் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. மாத்தளைப் புகையிரத நிலையமே சாலும்.

1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைவரை ஓடத் தொடங்கிய புகையிரதம், 1867இல் கண்டியை அடைந்தது. 1880இல் கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், உக்குவளை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் பாதை செல்லவில்லை. இடைவழி நிலையமொன்றை அமைப்பதற்கு இருபுறமும் பாதை வேண்டும். கடைசி நிலையத்துக்கோ ஒருபுறம் போதும். மேசையின் ஒரு முனையில் மலைச்சரிவொன்றைக் கட்டி, அதன் பின்னே இரண்டு மூன்று தடங்களை மறைத்து வைப்போமாயின், அம்மறைவிடமே கண்டியாகிவிடும். வண்டி அங்கிருந்து புறப்பட்டு வரும். மீண்டும் அங்கேயே போய் மறையும்.

அளவு

ஓர் அடியை 4 மில்லிமீற்றராகக் கொள்ளும் அளவுத்திட்டம் நமக்கு ஏற்றது. இலங்கையின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தூரம் 5 அடி 6 அங்குலம். அது மாதிரியில் 22 மில்லிமீற்றராகும். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதனின் உருவமும் அதே 22 மில்லிமீற்றரே. கடையில் இவ்வளவுத்திட்டத்துக்கென விற்கப்படும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அது உண்மையில் நாலடிக்குச் சற்றே அதிகமான பாதையைக் குறிப்பது. நம் வண்டியை அதில் வைத்தால் கால் குறுகித் தோன்றும். தொடக்கத்தில் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். கைத்திறன் வளர்ந்தபின் 22 மில்லிமீற்றர்ப் பாதையை நாமே அமைத்தல் நன்று.

நீளத்தில் மட்டும் சிக்கனம் வேண்டும். 600 அடி மேடையொன்றை அப்படியே அமைத்தால் அதுவே எட்டடி மேசையை விழுங்கிவிடும். 60 அடிப் பெட்டி 240 மில்லிமீற்றராதலால், நான்கு பெட்டிகளுக்கு ஒரு மீற்றர் அளவான மேடை போதும். கதவு, படி, மேடையின் உயரம் ஆகியவற்றைக் குறைத்தலாகாது. மனித உடலோடு ஒப்பிட்டே கண் எதனையும் அளக்கின்றது.

தடங்கள்

அழகிய கட்டடத்தை முதலிற் செய்துவிட்டு, பின்னர்த் தடத்துக்கு இடமின்றித் தவிப்போர் பலர். எஞ்சின் எவ்வாறு திரும்பும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். வண்டி மேடையில் வந்து நின்றதும் எஞ்சின் பாதையின் முடிவுப் பக்கத்தில் அகப்பட்டிருக்கும். அது பெட்டிகளைக் கழற்றிவிட்டு ஓரடி முன்னே சென்று, தடமாற்றியின் வழியாகப் பக்கத் தடத்துக்கு மாறி, பெட்டிகளைக் கடந்து, இரண்டாவது தடமாற்றியால் பிரதான தடத்தை அடைந்து, மறுமுனையில் இணையவேண்டும். எஞ்சினுக்கு 300, தடமாற்றி இரண்டுக்கு 400, பெட்டிகளுக்கு 1000, நுழைவுக்கு 500 என 2200 மில்லிமீற்றர் ஆகின்றது. எட்டடி மேசை 2438 மில்லிமீற்றர். ஆகவே நிலையம் அதில் அடங்கும். மறைவிடத்துக்கு நாலடிப் பலகை ஒன்றை வேறாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எஞ்சின்களையும் கருவிகளையும் நேரிற் காண, 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலை உதவும்.

மக்கள்

தடமும் கட்டடமும் முடிந்தபின்னும் நிலையம் முடிவதில்லை. பிரயாணிகள் நிலையமென்பது மக்களுக்காக எழுந்தது. புகையிரதம் வருமுன்னர், மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் தம்புள்ளையைக் கடந்து கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அதன் நினைவாகவே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், தோட்டங்களில் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் உற்றாரிடம் விடைபெற்று, தலைமன்னார் சென்று, இராமேசுவரத்துக்குக் கப்பலேறின. 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது.

ஆதலின் மேடையை வெறுமையாக விடாதிருப்போமாக. தகரப்பெட்டியோடு நிற்கும் ஒரு குடும்பம், வழியனுப்ப வந்த கிழவி, பச்சைக்கொடி ஏந்திய ஊழியர், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய பெயர்ப்பலகை ஆகியவை அங்கே இடம்பெறட்டும். 22 மில்லிமீற்றர் உருவங்கள் சிலவே அந்த மேடைக்குப் பொருள் தருவன.

மாணவ நண்பர்களே, நிலைய அதிபரின் அனுமதி பெற்று அளவுநாடாவுடன் செல்லுங்கள். அளந்து வந்தபின், வீட்டு முதியோரிடம் அந்த மேடையில் யாரை வரவேற்றனர், யாரை வழியனுப்பினர் என்று கேட்டெழுதுங்கள். அளவுநாடா தராத செய்தியை அவர்களே தருவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் நம் கடன்.